பழைய போர்ஷே 911-இன் முன்கண்ணாடி ரப்பரை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

உங்கள் 1972-ஆம் ஆண்டு 911 கூப்பேயில் மழைக்குப் பிறகு ஓட்டுநரின் கால்பக்கம் நனைகிறது, முன்கண்ணாடி ரப்பரில் வெடிப்பு தெரிகிறது, மேலே சிலிக்கான் பூசினால் போதுமா அல்லது ரப்பரை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெடித்த ரப்பரை மாற்றத்தான் வேண்டும். துணைக்கு ஒருவர் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். செலவு எவ்வளவு ஆகும் என்பதை மட்டும் ரப்பர் தீர்மானிப்பதில்லை. அதற்கு அடியில் மறைந்திருக்கும் தகட்டு விளிம்பு தீர்மானிக்கிறது.

முதலில், தண்ணீர் கண்ணாடி வழியாகத்தான் வருகிறதா என்று பாருங்கள். கண்ணாடிக்கு முன்னால் உள்ள காற்றுக் கிராதியின் வடிகால் அடைத்துக்கொண்டாலும், சன்ரூஃப் உள்ள காரில் முன்தூண்களுக்குள் இறங்கும் வடிகுழாய் அடைத்துக்கொண்டாலும் இதே இடம்தான் நனையும். ஒருவர் உள்ளே டார்ச்சுடன் அமர்ந்திருக்க, மற்றவர் குழாய்த் தண்ணீரை மெதுவாகக் கீழ்விளிம்பில் தொடங்கிப் படிப்படியாக மேலே கொண்டுபோனால் கசிவு எந்த மட்டத்தில் தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

புளித்த காடி வாசனை வரும் சாதாரண சிலிக்கானை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அது உலரும்போது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் தகட்டை அரிக்கும். போதாததற்கு, உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேறும் வழியையும் அது அடைத்துவிடும். பழைய 911-களின் கீழ்மூலைகளில் காணப்படும் துருவில் ஒரு பங்கு இப்படிப் பூசியவர்களின் கைவண்ணம் என்பது என் எண்ணம். 1976 மாடலிலிருந்துதான் இந்தக் காரின் கூடு முழுமையாகத் துத்தநாகம் பூசிய தகட்டில் செய்யப்பட்டது. உங்கள் வண்டி அதற்கு முந்தையது என்பதால் மூலைகளில் துரு இருக்கும் என்றே வைத்துக்கொண்டு நாட்களை ஒதுக்குங்கள்.

கழற்றும்போது ரப்பரைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். அதன் வெளி உதட்டைக் கூரிய கத்தியால் சுற்றிலும் அறுத்துவிட்டால் அலுமினிய அலங்காரப் பட்டை வளையாமல் வெளியே வரும், கண்ணாடியையும் உள்ளிருந்து உள்ளங்கையால் தள்ளி எடுத்துவிடலாம். எடுத்த கண்ணாடியின் ஓரங்களில் சிறு சிதறல் உண்டா என்று விரலுறை அணிந்த கையால் தடவிப் பாருங்கள். இரண்டு அடுக்குக் கண்ணாடியில் விரிசல் பெரும்பாலும் ஓரத்துச் சிதறலிலிருந்தே ஓடத் தொடங்கும்.

இனிமேல்தான் உண்மையான வேலை. விளிம்பில் உள்ள பழைய பசை, பெயின்ட் கொப்புளம், துரு எல்லாவற்றையும் வெறும் உலோகம் தெரியும்வரை சுரண்டுங்கள். ஓட்டை விழுந்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். பட்டி வைத்து நிரப்புவது இங்கே உதவாது, ஏனெனில் ரப்பரின் பள்ளம் குறிப்பிட்ட தடிமனுள்ள விளிம்பைக் கவ்வும்படி வார்க்கப்பட்டது, விளிம்பு தடித்துவிட்டால் ரப்பர் முழுதாக உட்காராமல் அங்கேயே மீண்டும் ஒழுகும். எபாக்சி ப்ரைமரும் பெயின்ட்டும் அடித்த பிறகு அவை நன்றாக இறுகும்வரை பொறுத்திருங்கள். டேஷ்போர்டின் மேலுறை வெடித்திருந்தாலோ கூரைத் துணி தொங்கினாலோ அவற்றை மாற்றவும் இதுவே சரியான தருணம். கண்ணாடி இருக்கும்போது அந்த இரண்டு வேலைகளும் பெரும்பாடு.

புது ரப்பரை வெயிலில் சற்று இளக வைத்து, மெத்தென்ற துணி விரித்த மேசையில் கண்ணாடிக்கு மாட்டுங்கள். அலுமினியப் பட்டையையும் மேசையிலேயே அதன் பள்ளத்தில் செருகிவிட வேண்டும். கண்ணாடி காரில் ஏறிய பிறகு செருக முயன்றால் பட்டை மடங்கும், மடங்கிய பட்டையை நிமிர்த்தினாலும் தடம் போகாது. பிறகு விளிம்பைக் கவ்வும் பள்ளத்துக்குள் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரு முனைகளும் கீழே நடுவில் ஒரு சாண் அளவு ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்புறமாகத் தொங்கும்படி விடுங்கள். வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர் போதும்; எஞ்சின் ஆயிலோ கிரீஸோ ரப்பரை உப்பச் செய்துவிடும்.

கண்ணாடியைச் சட்டத்தின் மேல் வைத்ததும் இரு பக்க இடைவெளியும் ஒன்றாக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்த நிலையில் கயிற்றை இழுப்பதுதான் புதுக் கண்ணாடிகளை உடைக்கிறது. உள்ளே இருப்பவர் கயிற்றைக் கண்ணாடியின் நடுப்பகுதியை நோக்கி மெல்ல இழுக்க, ரப்பரின் உதடு விளிம்பைத் தாண்டி உள்ளே விழும். வெளியே இருப்பவர் கயிறு வரும் இடத்தைப் பின்தொடர்ந்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வர வேண்டும். கீழ்ப்பகுதி, அடுத்து பக்கங்கள், கடைசியில் மேல்பகுதி என்று போங்கள். மூலையில் கயிறு இறுகினால் பலத்தைக் கூட்டாமல் நிறுத்தி, சோப்புத் தண்ணீர் விட்டு, வெளியிலிருந்து தட்டிக் கொடுத்துவிட்டுத் தொடருங்கள்.

ரப்பர் சரியாக அமர்ந்த பிறகும் மூலையில் ஈரம் தெரிந்தால், இறுகிப்போகாத வகை சீலன்டைச் சிறிய மூக்குள்ள குழாயால் ரப்பருக்கும் தகட்டுக்கும் இடையே மட்டும் செலுத்துங்கள். சில நாள் ஓட்டத்தில் ரப்பர் இன்னும் சற்றுப் படியும் என்பதால், உயர் அழுத்தத் தண்ணீரில் காரைக் கழுவுவதை அதுவரை தள்ளிப்போடுவது நல்லது.