ஸீலேடெக்: சமன்பாட்டுக்குள் மட்டும் தமிழ்ச் சொல் காணாமல் போவது

ஸீலேடெக் என்ற ஆவண அச்சமைப்பு மென்பொருளில் சமன்பாட்டுக்குள் எழுதிய ‘பரப்பு’ போன்ற தமிழ்ச் சொல் பிடிஎஃபில் வராவிட்டால், அந்தச் சொல்லை டெக்ஸ்ட் கட்டளைக்குள் வையுங்கள்: பேக்ஸ்லாஷ், டெக்ஸ்ட், நெளிவு அடைப்புக்குள் ‘பரப்பு’. முகப்பில், அதாவது ஆவண உரை தொடங்கும் முன் அமைப்புகளைக் கொடுக்கும் பகுதியில், ஏஎம்எஸ்மேத் என்ற கணிதத் தொகுப்பு இருக்க வேண்டும்.

பத்திகளில் தமிழ் சரியாக வருகிறது, சமன்பாட்டில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் இதுதான்: நீங்கள் முகப்பில் கொடுத்த நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துரு உரைக்கு மட்டும்தான். கணிதப் பகுதிக்குத் தனி எழுத்துரு. அதில் தமிழ் எழுத்துகளே கிடையாது. பிழை என்று நிற்காமல் பிடிஎஃப் உருவாகிவிடுவதால்தான் இது இவ்வளவு குழப்புகிறது.

உறுதி செய்ய, ஸீலேடெக் ஓடும்போது பிடிஎஃப்புடன் உருவாகும் லாக் கோப்பைத் திறந்து ‘மிஸ்ஸிங் கேரக்டர்’ என்ற ஆங்கிலத் தொடரைத் தேடுங்கள். விடுபட்ட எழுத்தும் எழுத்துருவின் பெயரும் அதே வரியில் இருக்கும்.

கீழ்க்குறியில் ‘தொடக்கம்’ போன்ற சொல் வந்தாலும் டெக்ஸ்ட் கட்டளையே நல்லது, அளவைத் தானே சிறிதாக்கிக்கொள்ளும். சிலர் அதற்குப் பதில் எம்பாக்ஸ் கட்டளையைச் சொல்வார்கள். அது சிறிதாக்காது, கீழ்க்குறி பெரிதாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. சொல் தெரிந்த பிறகும் ‘கொ’, ‘தெ’ ஆகியவற்றில் கொம்பு இடம் மாறி விழுந்தால் அது வேறு சிக்கல். எழுத்துருக்களை அழைக்க உதவும் ஃபான்ட்ஸ்பெக் தொகுப்பில், எழுத்துருவை அழைக்கும் இடத்தில் ஸ்கிரிப்ட் என்பதற்குத் தமிழ் என்று கொடுங்கள். ஸீலேடெக்குக்குப் பதில் அதைப் போன்ற லுவாலேடெக் என்றால், கூடவே ரெண்டரர் என்பதற்கு ஹார்ஃப்பஸ் என்றும் சேர்க்க வேண்டும்.