இங்கிலாந்தில் பழைய வீடு: கதகதப்புக்கு அரசு என்ன தருகிறது?

லண்டனில் பழைய வீடு வாங்கியிருக்கிறோம், ஹீட்டிங் பில் தாங்கவில்லை, அரசு உதவி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு.

ஆனால் அதற்கு முன், டார்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு கூரைக்கடியில் உள்ள பரணில் ஏறிப் பாருங்கள். வெப்பம் வெளியேறாமல் தடுக்க அங்கே விரித்திருக்கும் கனிமப் பஞ்சு (இதுதான் இன்சுலேஷன்) 270 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். பழைய வீடுகளில் அது அமுங்கி, தூசி படிந்து, மரச்சட்டங்களின் உயரத்துக்குக்கூட இருக்காது. பஞ்சே இல்லாத வீட்டில் சுமார் கால் பங்கு வெப்பம் கூரை வழியாகவே போய்விடும். இதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை என்பேன்.

2027 மார்ச் 31 வரை, ஆள் வைத்து இன்சுலேஷன் போட்டால் வாட் வரி கிடையாது. பொருளை நீங்களே கடையில் வாங்கிப் போட்டால் வரி உண்டு. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

அப்புறம், வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு, வெளிக்காற்றிலோ நிலத்திலோ உள்ள வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்து வீட்டுக்குள் தரும் ஹீட் பம்ப் வைப்பதாக இருந்தால் 7,500 பவுண்டு மானியம். இதற்கு வருமான வரம்பு இல்லை. எம்சிஎஸ் (இத்தகைய கருவிகளைப் பொருத்துபவர்களுக்கான தரச்சான்று) பெற்ற நிறுவனமே உங்களுக்காக விண்ணப்பித்து, பில்லில் கழித்துக்கொள்ளும். அதனால் மானியம் வாங்கித் தர முன்பணம் கேட்டு யாராவது கதவைத் தட்டினால், தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.