ஸ்டார் டிரெக் பார்க்க 'எண்டர்பிரைஸ்' தொடரிலிருந்து ஆரம்பிக்கலாமா?

ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடர் வரிசையை இதுவரை பார்த்ததே இல்லை, கதையின் காலப்படி முதலில் வரும் 'எண்டர்பிரைஸ்' தொடரிலேயே ஆரம்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக ஆரம்பிக்கலாம். முன்கதை என்பதால் மற்றவற்றைப் பார்த்தவர்களுக்குத்தான் புரியும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

1966-ல் வந்த முதல் தொடரின் கதை 23-ஆம் நூற்றாண்டில் நடக்கிறது. எண்டர்பிரைஸ் ஒளிபரப்பானது 2001-ல் என்றாலும் கதை தொடங்குவது 2151-ல். விண்வெளியில் மனிதன் இன்னும் கத்துக்குட்டி. கேப்டன் ஆர்ச்சரின் கப்பலைச் சுற்றி ஆற்றல் கவசம் எதுவும் கிடையாது. ஆளைக் கரைத்து வேறோர் இடத்தில் சேர்க்கும் டிரான்ஸ்போர்ட்டர் இருக்கிறது, ஆனால் அதில் ஏறி நிற்கத்தான் தயங்குகிறார்கள். எதுவும் தெரியாமல் வருகிற பார்வையாளருக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. அவர்களுக்கும் எல்லாமே புதுசு.

நான் சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன், அக்கா குடும்பம் ஏற்காட்டில். லீவு நாட்களில் மேலே போனால் அக்கா மகளோடு சேர்ந்துதான் பார்ப்பேன். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளைப் பிடித்து உட்காரவைத்தது இரண்டாவது கதைதான். மொழி வல்லுநர் ஹோஷிக்குத் தன் அறையில் தூக்கம் வராது. ஜன்னலில் நட்சத்திரங்கள் தப்பான பக்கமாக ஓடுகின்றன என்று வேறு அறை கேட்பாள். அப்புறம் ஆளரவமில்லாத ஒரு கப்பலுக்குள் போய், தொங்கவிடப்பட்ட பிணங்களைப் பார்த்து அலறிவிடுவாள். இந்த வேலைக்கு நான் சரிப்பட மாட்டேன் என்பாள். கடைசியில் மொழிபெயர்ப்புக் கருவி கைவிட்டதும், அதே ஹோஷி அந்த வேற்றுமொழியில் தட்டுத் தடுமாறிப் பேசித்தான் எல்லோரையும் காப்பாற்றுவாள். "மாமா, இவ்வளவு படிச்சவங்களுக்கும் பயம் வருமா?" என்று கேட்டாள் பாப்பா. வரும் என்று காட்டுவதால்தான் இந்தத் தொடர் எனக்கு ஒரு படி மேல்.

முதல் சீசனில் 'பிரேக்கிங் தி ஐஸ்' என்ற எபிசோடைத் தவறவிடாதீர்கள். அயர்லாந்துப் பள்ளிப் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகளுக்கு, கேப்டனும் குழுவினரும் கேமரா முன் பதில் சொல்வார்கள். கழிவறைத் தண்ணீர் எங்கே போகிறது என்பதை விளக்கும் பொறுப்பு இன்ஜினியர் டிரிப் தலையில் விழும். பாப்பா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். அதே கதையில், வால்மீனில் மாட்டிக்கொண்ட தன் ஆட்களைக் காப்பாற்ற, தனக்குப் பிடிக்காத, வல்கன் என்ற வேற்றுக்கிரக இனத்தைச் சேர்ந்த கேப்டனிடமே உதவி கேட்கவேண்டிய நிலை ஆர்ச்சருக்கு. அவர் முகத்தைக் கவனியுங்கள்.

தொடக்கப் பாடலையும் ஓட்டிவிட வேண்டாம். பாய்மரக் கப்பல், அப்பல்லோ, செவ்வாயில் ஊர்ந்த சோஜர்னர் என்று வந்து பன்னாட்டு விண்வெளி நிலையமும் வரும். தொடர் தொடங்கியபோது அதில் மனிதர்கள் தங்க ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. ஏற்காட்டில் மூடுபனி இல்லாத ஒரு மாலையில் அதை வெறும் கண்ணாலேயே பார்த்தோம். சிமிட்டாத வெள்ளைப் புள்ளி, சில நிமிடங்களில் வானத்தைக் கடந்து போய்விட்டது. கதையில் வருவது நம் தலைக்கு மேலேயே போகிறது என்று பாப்பாவுக்கு நிலைகொள்ளவில்லை.

குறை இல்லாமல் இல்லை. காலப்பயணப் போர் என்றொரு இழை அடிக்கடி தலைகாட்டி இழுத்தடிக்கும். முதல் இரண்டு சீசன்களில் சப்பென்று போகும் கதைகளும் உண்டு. மூன்றாவது சீசன் பூமியில் 70 லட்சம் பேர் சாகும் தாக்குதலை ஒட்டி ஒரே நீண்ட கதையாகப் போகும். சின்னப் பிள்ளைகளோடு பார்ப்பதானால் அது கொஞ்சம் கனம். நான்காவதுதான் சிறந்தது என்பேன்.

ஒன்றே ஒன்று: 2005-ல் வந்த கடைசி எபிசோடை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அது 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற வேறொரு ஸ்டார் டிரெக் தொடரின் பாத்திரங்களை வைத்துச் சொல்லப்பட்டது, உங்களுக்கு ஒட்டாது. அதற்கு முந்தைய 'டெர்ரா பிரைம்' கதையோடு நிறுத்திக்கொண்டு, நேராக 1966 தொடருக்குப் போங்கள்.