சித்தப்பா சொல்லும் மடிக்கணினியும் மகள் கேட்கும் மடிக்கணினியும்

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் ஒரு தாயார் எனக்கு எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது. உயர்நிலை நான்கில் படிக்கும் அவருடைய மகளுக்குப் புகைப்படக் கலையில் நாட்டம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் வடிவமைப்பு அல்லது ஊடகம் சார்ந்த பட்டயப் படிப்புக்கு முன்கூட்டிய மாணவர் சேர்க்கை வழியாக விண்ணப்பிக்க விரும்புகிறாள். படங்களைத் திருத்துவதற்கு ஒரு மடிக்கணினி கேட்கிறாள். வீட்டில் ஒதுக்க முடிந்தது 1,500 வெள்ளி. இதற்கிடையில் சித்தப்பா, 3,200 வெள்ளி விலையுள்ள கேமிங் மடிக்கணினியைத் தவணையில் வாங்கச் சொல்கிறார். படம் பிடிக்கும் ஆசை ஓராண்டில் தணிந்துவிடும், பிறகு கணினிப் பொறியியல் படிக்கும்போது அதே கணினி உதவும் என்பது அவர் கணக்கு. கடனும் வேண்டாம், உறவும் கெடக்கூடாது, என்ன செய்வது என்று அந்தத் தாயார் கேட்கிறார்.

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் ஆறுதல் சொல்வதை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். சித்தப்பா கணினியைப் பற்றி யோசனை சொல்லவில்லை. படிப்பை மாற்றச் சொல்கிறார். மகள் விரும்பாத ஒரு படிப்புக்கான கருவியை இப்போதே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால், இரண்டாண்டு கழித்து "இவ்வளவு செலவு செய்தோமே" என்ற ஒரே வாக்கியத்தால் அவளை அந்தப் படிப்பின் பக்கம் தள்ளிவிடலாம். அவர் அப்படித் திட்டமிட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தவணையில் வாங்கிய பொருளுக்கு அப்படி ஒரு பலம் உண்டு. ஆகவே தவணை வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

புகைப்படத்தை மட்டுமே நம்பிப் பிழைப்பது எளிதன்று என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் மகள் விண்ணப்பிப்பது வடிவமைப்பையும் ஊடகத்தையும் சேர்த்துக் கற்பிக்கும் படிப்புக்கு. முன்கூட்டிய சேர்க்கையில் மாணவரின் நாட்டத்தையும், அவர் செய்து காட்டும் படைப்புகளையும், நேர்முகத்தில் அவற்றைப் பற்றிப் பேசும் விதத்தையும் பார்க்கிறார்கள். தேர்வு முடிவுக்கு முன்பே நிபந்தனையுடன் இடம் தருகிறார்கள். அந்த இடத்தை உறுதிசெய்துவிட்டால் பிறகு, தேர்வு முடிவு வந்தபின் நடக்கும் கூட்டுச் சேர்க்கையில் பங்கேற்க முடியாது என்பதால், அவள் உண்மையாகவே விரும்பும் படிப்புக்கு மட்டுமே விண்ணப்பிக்க வேண்டும். உறவினரைத் திருப்திப்படுத்த ஒன்று, தனக்காக ஒன்று என்று போடும் விளையாட்டு இங்கே செல்லாது.

இனி கணினி. ஆப்பிளா விண்டோஸா என்ற பட்டிமன்றத்தை நான் நடத்தப்போவதில்லை. மேக்புக் ஏர் நல்ல கணினிதான், அதைப் பற்றிப் போதுமான அளவு எழுதிவிட்டார்கள். கேமிங் மடிக்கணினியில் உங்கள் பணம் கிராஃபிக்ஸ் சிப்புக்கும், நொடிக்கு 144 முறை புதுப்பிக்கும் திரைக்கும், சூட்டைத் தணிக்கும் விசிறிகளுக்கும் போகிறது. படம் திருத்துபவருக்கு முதலில் வேண்டியது நிறத்தைச் சரியாகக் காட்டும் திரை; அடுத்து 16 ஜிபி ரேம்; அதற்கடுத்து போதிய சேமிப்பிடம்.

பெரும்பாலான குடும்பங்கள் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. அலுவலகங்களில் சில ஆண்டுகள் பயன்படுத்தப்பட்டுத் திரும்பிவந்த, கடைக்காரர் சோதித்துப் புதுப்பித்த தொழில்முறை மடிக்கணினியையும், நிறத்துக்கென்றே தயாரிக்கப்பட்ட தனித் திரை ஒன்றையும் சேர்த்து வாங்குவது. நிறுவனங்கள் குத்தகைக்கு எடுத்த கணினிகளை மூன்று நான்கு ஆண்டுகளில் மொத்தமாக மாற்றிவிடுவது வழக்கம் என்பதால், திங்க்பேட், லாட்டிடியூட், எலிட்புக் வகைக் கணினிகள் இந்தச் சந்தைக்குத் தொடர்ந்து வருகின்றன. அவற்றின் உடலும் விசைப்பலகையும் உறுதியானவை; பல மாடல்களில் அடிப்பலகையைத் திறந்து ரேமையும் எஸ்எஸ்டி சேமிப்பிடத்தையும் கூட்டலாம், சிலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும் என்பதால் வாங்கும் முன் கேட்க வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறைந்த செயலி எதையும், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், தொடாதீர்கள். விண்டோஸ் 11 அவற்றை ஏற்பதில்லை.

இத்தகைய கணினிகளின் பலவீனம் திரை. விவரத்தாளில் "45% என்டிஎஸ்சி" (திரை காட்டும் நிறப் பரப்பின் ஓர் அளவு) என்று இருந்தால், எஸ்ஆர்ஜிபி என்ற நிறத் தொகுப்பில் உள்ள நிறங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மட்டுமே அது காட்டும். ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் 1996இல் வகுத்த அந்த எஸ்ஆர்ஜிபிதான் இன்றும் இணையத்துக்கும் பெரும்பாலான அச்சுக்கடைகளுக்கும் பொது அளவு. மங்கிய திரையில் சிராங்கூன் சாலைத் தீபாவளி விளக்குகளைத் திருத்துபவர், சிவப்பு போதவில்லை என்று நிறத்தைக் கூட்டிக்கொண்டே போவார். அதே படத்தை நல்ல கைப்பேசியில் பார்ப்பவருக்கு மனிதர்களின் முகமெல்லாம் ஆரஞ்சாகத் தெரியும். விலையுயர்ந்த புதிய கணினி வாங்கியவர்களிடமும் இந்தக் குறையைப் பார்க்கலாம், ஏனென்றால் செயலியின் பெயரைக் கேட்டு வாங்குபவர்கள் திரையின் விவரத்தைப் படிப்பதில்லை.

அதனால்தான் தனித் திரை என்கிறேன். 24 அங்குலம், ஐபிஎஸ் வகை (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை), எஸ்ஆர்ஜிபி முழுவதையும் காட்டக்கூடியது, ஆலையிலேயே நிறம் சரிபார்க்கப்பட்டு டெல்டா ஈ (நிறப் பிழையின் அளவு) 2க்குள் இருப்பது: இந்த நான்கும் உள்ள திரைகள் ஆசூஸ் புரோஆர்ட், பென்க்யூ, டெல் ஆகியவற்றில் சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கின்றன. நிறத்தை அளந்து சரிசெய்யும் காலிபிரேட்டர் கருவியை அவளுடைய நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கலாம். அது தினமும் வேண்டிய பொருளன்று. திரையின் ஒளியைச் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா வரை குறைத்து, பிற்பகல் வெயில் நேராக விழாத சுவரோரம் வைத்தால், "திரையில் அழகாக இருந்த படம் அச்சில் இருண்டுவிட்டதே" என்ற புகார் பெரிதும் குறையும். பகலில் அதே மடிக்கணினியைப் பள்ளிக்கு எடுத்துச் செல்லலாம். படங்களைக் கழித்துத் தேர்ந்தெடுக்க அதன் சொந்தத் திரை போதும்.

1,500 வெள்ளியில் பாதிக்கு மேல் மடிக்கணினிக்குப் போகக்கூடாது. மீதியில் திரையும், இரண்டு வெளி வன்தட்டுகளும் வரவேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவின் ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாமல் பதியும் மூலப்படம்) ஒன்றுக்குச் சுமார் 25 எம்பி என்று கொண்டால், ஒரு திருவிழாவில் எடுக்கும் 600 படங்களுக்கு 15 ஜிபி ஆகிறது. ஒரே ஒரு பிரதியை மட்டும் வைத்திருந்து ஓராண்டுப் படைப்பை நேர்முகத்துக்கு முந்தைய வாரம் இழக்கும் மாணவர்களுக்குக் கல்லூரி சலுகை தராது. மென்பொருளுக்கு இப்போது மாதச் சந்தா கட்ட வேண்டாம். டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம். கற்பதற்குச் சற்றுக் கடினம், ஆனால் தாராளமாகப் போதும். கல்லூரியில் சேர்ந்தபின் மாணவர்களுக்கு உரிமம் தருகிறார்களா என்று கேட்டுவிட்டு மற்றதை முடிவுசெய்யுங்கள்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். செயற்கை நுண்ணறிவால் படத்தின் இரைச்சலை, அதாவது மணல்போலத் தெரியும் புள்ளிகளை, நீக்கும் வசதி தனி கிராஃபிக்ஸ் சிப் இல்லாத கணினியில் ஒரு படத்துக்கே பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். வாரந்தோறும் திருமணப் படங்களை ஆயிரக்கணக்கில் ஒப்படைப்பவருக்கும், காணொளித் தொகுப்பில் இறங்குபவருக்கும் நான் இந்த வழியைச் சொல்லமாட்டேன். இருபது படங்கள் கொண்ட படைப்புத் தொகுப்பைத் தயாரிக்கும் மாணவிக்கு அந்தக் காத்திருப்பு ஒரு பொருட்டன்று. கல்லூரியில் இடம் கிடைத்தபின் படிப்புக்குத் தேவையான கணினியின் விவரங்களை அவர்களே சொல்வார்கள். அப்போது வேறு கணினி தேவைப்பட்டாலும், திரையும் வன்தட்டுகளும் அவளிடமே இருக்கும், நீங்கள் இழப்பது சிறிய தொகையாகவே இருக்கும். அந்த நேரத்தில் பணம் இடித்தால், தேவையுள்ள மாணவர்கள் கணினி வாங்க உதவும் நிதி கல்லூரியில் உண்டா என்று கூச்சப்படாமல் விசாரியுங்கள்.

வாங்குவது கடையிலிருந்தே இருக்கட்டும். 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகளின்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதங்களுக்குள் தெரியவரும் குறை, விற்கும்போதே இருந்ததாகவே பொதுவாகக் கொள்ளப்படும்; பழைய பொருள்களுக்கும் இது பொருந்தும். கரோசெல் என்ற இணையச் சந்தையில் ஒரு தனிநபரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

மின்னணுப் பொருள்கள் விற்கும் சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதிக்குப் போகும் நாளில் மகளே கடைக்காரரிடம் பேசட்டும். சித்தப்பாவும் உடன் வரலாம், பை தூக்க ஆள் வேண்டுமல்லவா. அவளுடைய ரா கோப்புகளில் ஐம்பதை ஒரு யுஎஸ்பியில் எடுத்துச்சென்று, அந்தக் கணினியிலேயே திறந்து, பெரிதாக்கி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்திப் பார்க்க வேண்டும். விண்டோஸ் தானே தயாரித்துத் தரும் பேட்டரி அறிக்கையைக் கேட்டு வாங்கி, முழு மின்னேற்றக் கொள்ளளவு ஆரம்பக் கொள்ளளவில் முக்கால் பங்குக்குக் குறைவாக இருந்தால், புதிய பேட்டரியைப் போட்டுத் தரும்படி சொல்லிவிட்டு அதன் பிறகே விலையைப் பேசுங்கள்.