கொத்துக்கறி மீ: தண்ணீர் விடாமல் வருமா?

கேள்வி: அக்கா, நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறேன். தொழிற்சாலை வேலை. பஸ் இறக்கிவிடும்போது ஆறரை ஆகிவிடும். மாட்டிறைச்சிக் கொத்துக்கறியும் கிச்சாப்பும் (சோயா சாஸ்) போட்டுப் பிரட்டிய மீ (நூடல்ஸ்) ஒன்றை ஃபோனில் பார்த்துவிட்டு, என் மகள் அதைச் செய்துதரச் சொல்லிக் கேட்டாள். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சேர்ப்பதில்லை. அதனால் கோழிக் கொத்துக்கறி வாங்கிச் செய்தேன். கறி வெளுத்துப்போய்த் தண்ணீரில் மிதந்தது. மீ கூழாகிவிட்டது. வாசத்துக்கு ஊற்றிய நல்லெண்ணெயும் சேரவில்லை. மகள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தாள். "சோறு பொங்கியிருந்தால் இந்நேரம் எல்லாரும் சாப்பிட்டிருக்கலாம்" என்றார் மாமியார். மாட்டிறைச்சி இல்லாமல் இது நன்றாக வருமா? வேலை முடிந்து வந்து அரை மணி நேரத்தில் முடிக்க முடியுமா?
(பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட், மலேசியா)

பதில்:

தங்கச்சி, நன்றாக வரும். அரை மணி நேரத்திலும் முடியும். நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்து, பிள்ளை கேட்டாளே என்று அடுப்பைப் பற்றவைத்தீர்கள். அது சரியாக வராமல் போனபோது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. மாட்டிறைச்சிக்குச் சொன்ன முறையை அப்படியே கோழிக்குச் செய்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

கடையில் அரைத்து விற்கும் மாட்டிறைச்சியில் பெரும்பாலும் நூற்றுக்குப் பதினைந்து, இருபது பங்கு கொழுப்பு இருக்கும். சூடு பட்டதும் அது உருகி எண்ணெயாகிவிடும். கறி தன் கொழுப்பிலேயே வறுபடும். கோழிக் கொத்துக்கறி அப்படியில்லை. அதுவும் நெஞ்சுக்கறியாக இருந்தால் கொழுப்பு மிகக் குறைவு, ஈரம்தான் அதிகம். பாக்கெட்டைப் பிரித்து முழுவதையும் ஒரே தடவையில் குவாலியில் (வாணலியில்) கொட்டினால் குவாலி குளிர்ந்துபோகும். கறி தண்ணீரை விடும். அந்தத் தண்ணீர் வற்றும்வரை கறிக்கு 100 டிகிரிக்கு மேல் சூடு ஏறாது. கறி சிவந்து, வறுத்த வாசம் வருவதற்கு 140 டிகிரியாவது வேண்டும். நீங்கள் கறியை வறுக்கவில்லை, அவித்துவிட்டீர்கள். வெளுத்துப்போனது அதனால்தான்.

இது உங்களுக்குத் தெரியாத சமையல் இல்லை. தீபாவளிக்கு ஆட்டுக்கறி சுக்கா செய்வீர்கள் இல்லையா? தண்ணீர் சுண்டி, எண்ணெய் பிரிந்து, கறி குவாலியில் ஒட்டி ஒட்டி விடும்வரை விட மாட்டீர்கள். எங்கள் லயத்து வீட்டில் சம்பள நாளன்றுதான் ஆட்டுக்கறி. அம்மா அதைக் கட்டையில் வைத்து வெட்டுக்கத்தியால் கொத்துவார். சட்டியில் போட்டபின் கொஞ்ச நேரம் கரண்டியையே தொட மாட்டார். நான் கிண்டப் போனால் கையைத் தட்டிவிட்டு, "சத்தம் மாறட்டும்" என்பார். அந்தச் சத்தம்தான் இந்த மீக்கும் கணக்கு. முதலில் தண்ணீர் கொதிக்கும் களகளச் சத்தம் கேட்கும். அது மெல்ல அடங்கி, எண்ணெயில் கறி பொரியும் சடசடப்பு வரும். அதுவரை கிச்சாப் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

சரி, வேலையைப் பார்ப்போம். நாலு பேருக்கு 400 கிராம் கொத்துக்கறி போதும். கோழி என்றால் தொடைக்கறியை அரைத்துத் தரச் சொல்லுங்கள். நெஞ்சுக்கறியைவிடக் கொழுப்பு இருக்கும், வறண்டுபோகாது. ஆட்டுக்கறி என்றால் இன்னும் நல்லது, மாட்டிறைச்சியின் அழுத்தமான ருசிக்கு அதுதான் பக்கத்தில் வரும். ஆட்டின் வாடை பிடிக்காதவர்கள் இஞ்சியையும் மிளகையும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். கறியைக் கழுவிக்கொண்டு நிற்காதீர்கள். கொத்துக்கறியைக் கழுவினால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கிச்சன் டிஷ்யூவில் ஒற்றியெடுத்தால் போதும்.

குவாலியைப் பெரிய தீயில் நன்றாகக் காயவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றுங்கள். கோழிக்கு அந்த எண்ணெய் கட்டாயம். கறியில் பாதியை மட்டும் போட்டு, கரண்டியால் அழுத்திப் பரப்பிவிட்டு, இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். கிண்ட வேண்டும் என்று கை துறுதுறுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அடியில் சிவந்ததும் புரட்டி உதிர்த்து, சடசடப்பு வந்ததும் தட்டில் எடுத்து வைத்துவிட்டு மறுபாதியைப் போடுங்கள். அதுவும் சிவந்தபின் எடுத்து வைத்ததைச் சேர்த்து, பொடியாக நறுக்கிய ஐந்து பல் பூண்டு, ஒரு விரற்கடை இஞ்சி, காரம் வேண்டுமானால் இரண்டு சிலி பாடி (குட்டி மிளகாய்) போடுங்கள். பூண்டை முதலிலேயே போட்டால் கறி சிவப்பதற்குள் கருகிக் கசந்துவிடும்.

கறி வறுபடும் நேரத்தில் ஒரு கிண்ணத்தில் கலவையைத் தயார் செய்துவிடலாம். கிச்சாப் மாசின் (உப்புச் சோயா சாஸ்) இரண்டு மேசைக்கரண்டி, கிச்சாப் மானிஸ் (இனிப்புச் சோயா சாஸ்) ஒன்று, ஓய்ஸ்டர் சாஸ் ஒன்று, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, சோள மாவு ஒரு தேக்கரண்டி, தண்ணீர் கால் கப். உப்பு வேண்டாம், மாசினிலும் ஓய்ஸ்டர் சாஸிலும் உள்ள உப்பே அதிகம். சோள மாவு அடியில் தங்கிவிடும் என்பதால் ஊற்றும் முன் ஒரு தடவை கலக்கிவிடுங்கள். கறியில் ஊற்றி அரை நிமிடத்தில் பளபளப்பாகக் கெட்டியாகும். மீயில் ஒட்டுவதற்கு அந்தக் கெட்டி வேண்டும்.

இனி மீ. உங்களுக்குக் கூழானது எந்த மீ என்று எழுதவில்லை. மஞ்சள் மீயாக இருக்கும் என்று நினைக்கிறேன். கடையில் ஈரமாகப் பாக்கெட்டில் விற்கும் அந்த மீ ஏற்கெனவே வெந்தது. அதை மறுபடி கொதிக்கவைத்தால் குழையத்தான் செய்யும். அதன் மேல் எண்ணெய்ப் பூச்சும், மாவில் சேர்த்த காரத்தண்ணீரின் (மிளகாய்க் காரம் இல்லை, சோடா உப்பு கரைத்த தண்ணீர்) வாடையும் இருக்கும். வடிதட்டில் போட்டுக் கொதிக்கும் தண்ணீரை மேலே ஊற்றி, கையால் பிரித்து, நன்றாக வடியவிட்டால் இரண்டும் போய்விடும். வடிந்த மீயைக் கையில் எடுத்தால் சொட்டக் கூடாது. காய்ந்த முட்டை மீ என்றால் பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னாலேயே வடித்துவிடுங்கள். மீதி ஒரு நிமிடம் குவாலியில் வேகட்டும். மீகூன் (அரிசி நூடல்ஸ்) என்றால் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறினால் போதும். வெந்நீரில் ஊறவைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் வறுக்கும்போது பொடிப்பொடியாக ஒடியும்.

நல்லெண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன், பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். நம் நல்லெண்ணெயும் சீனச் சமையலில் ஊற்றும் எண்ணெயும் எள்ளிலிருந்து வருவதுதான். ஆனால் நாம் இட்லிப்பொடிக்கு ஊற்றுவது வறுக்காத எள்ளை ஆட்டியது. அவர்களுடையது எள்ளை நன்றாக வறுத்துப் பிழிந்தது, தேன்பாகு போலக் கரும்பழுப்பாக இருக்கும். 'மின்யாக் பிஜான்' என்று போட்டிருக்கும் சின்னப் பாட்டில், பக்கத்துச் சீனர் கடையிலேயே கிடைக்கும். அடுப்பை அணைத்தபின் ஒரு தேக்கரண்டி போதும். தாளிப்பது போல அதை முதலில் காய்ச்சினால் வாசம் ஆவியோடு போய்விடும். அந்தப் பாட்டில் இல்லாத நாளில் நல்லெண்ணெயை ஊற்றாதீர்கள். ஒரு கரண்டி எள்ளை வெறும் சட்டியில் வறுத்து, கையால் நசுக்கித் தூவுங்கள்.

காய்கறி உங்கள் விருப்பம். சாவி (கடுகுக் கீரை), முட்டைக்கோஸ், தவ்கே (முளைவிட்ட பயறு), எது இருந்தாலும் சரி. கறியில் கலவையை ஊற்றுவதற்கு முன் அவற்றைப் போட்டு ஒரு நிமிடம் பெரிய தீயில் வதக்குங்கள். தவ்கே மட்டும் கடைசியில். பிறகு கலவை, பிறகு மீ, இரண்டு கரண்டியால் தூக்கித் தூக்கிப் பிரட்டல், மேலே வெங்காயத்தாள், தட்டில் ஒரு லீமாவ் கஸ்தூரி (குட்டி எலுமிச்சை). உங்கள் குவாலி சின்னதாக இருந்தால் மீயையும் இரண்டு பாதியாகப் பிரட்டுங்கள். நிரம்பி வழியும் குவாலியில் மீ மறுபடி ஆவியில் வெந்து கூழாகிவிடும்.

நேரத்துக்கு ஒரு வழி சொல்கிறேன், இதில் கவனமும் வேண்டும். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது உறைந்த கறியை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் போகும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. கொத்துக்கறிக்கு அது ஆபத்து. முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேலே மட்டும்தான் இருக்கும். அரைக்கும்போது அது உள்ளே எல்லா இடத்துக்கும் கலந்துவிடுகிறது. நம் ஊர் வெயிலில் மாலை ஆறரை வரை வெளியே இருந்தால் பெருகிவிடும். முதல் நாள் இரவே ஃபிரீசரிலிருந்து ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு, ஒரு கிண்ணத்தில் வைத்து மாற்றிவிடுங்கள். சாயங்காலம் பக்குவமாக இளகியிருக்கும். பூண்டு, இஞ்சி, காய்கறியையும் இரவிலேயே நறுக்கி டப்பாவில் போட்டுவிட்டால், வந்ததும் முகம் கழுவிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கலாம். கறியில் இளஞ்சிவப்பு துளிகூட இல்லாமல் வேகவேண்டும். கோழி உள்ளே 74 டிகிரி தாண்ட வேண்டும் என்பது கணக்கு. சடசடப்பு வரும்வரை வறுத்தால் அதைத் தாண்டிவிடும்.

மாட்டிறைச்சி சமைக்கும் வாசகிகளும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள், உங்களுக்கும் இதே முறைதான். எண்ணெயை ஒரு தேக்கரண்டியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு அதிகம் உருகினால் கலவையை ஊற்றும் முன் கொஞ்சம் வடித்துவிடுங்கள். இந்தியாவிலிருந்து உறைந்து வரும் கறி பெரும்பாலும் எருமையுடையது, கொழுப்பு குறைவு, நார் முரடு. அதை அரைத்துச் சமைத்தால் எண்ணெயைக் குறைக்க வேண்டாம். 400 கிராமுக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடாவைப் பிசிறிப் பதினைந்து நிமிடம் வைத்தால் கறி தண்ணீரை அவ்வளவாக விடாது, மிருதுவாகவும் இருக்கும்.

தங்கச்சி, மாட்டிறைச்சி சேர்க்காத உங்கள் வீட்டுக்கு ஒரு எச்சரிக்கை. இங்கே பாக்கெட்டில் 'டாகிங்' என்று மட்டும் போட்டிருந்தால் மாட்டிறைச்சி என்றுதான் பொருள். கோழிக்கு 'ஆயாம்', ஆட்டுக்குக் 'கம்பிங்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். பாக்கெட் மீயில் வரும் மசாலாத்தூளிலும் டாகிங் சுவை என்று ஒன்று உண்டு.

மாமியார் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். விடியும் முன் எழுந்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன தலைமுறைக்குச் சோறு என்றால் வயிறு நிறைவது மட்டும் இல்லை, அன்றைய நாள் நல்லபடியாக முடிந்தது என்று அர்த்தம். அவருக்கு மீ புதியதும் இல்லை. சீனர்களின் மீயை எடுத்து, நம்மவர் மசாலாவும் உருளைக்கிழங்கும் சேர்த்து மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) கிளறிய மீ கோரெங்கை அவரும் சின்ன வயதில் இலையில் கட்டி வாங்கித் தின்றிருப்பார். கறி வறுபடும்போது அவரைக் கூப்பிட்டு உப்புக் காரம் பார்க்கச் சொல்லுங்கள். சாய்க்க, ஊற்ற, "இன்னும் கொஞ்சம் மிளகு போடு" என்று சொல்ல ஒரு வேலை இருந்தால் அது அவர் சமையலும் ஆகிவிடும். அவருக்கு அன்றைக்குச் சோறுதான் வேண்டும் என்றால், வறுத்த கறியில் இரண்டு கரண்டியைக் கலவை ஊற்றும் முன்னாலேயே எடுத்து, கொஞ்சம் மிளகும் கறிவேப்பிலையும் போட்டு ஒரு பிரட்டு பிரட்டினால் அவருக்குச் சுக்கா தயார். ஒரே அடுப்பில் இரண்டு சாப்பாடு, ஐந்து நிமிடம்கூட அதிகமாகாது.

வெள்ளிக்கிழமை கேட்டால் கறிக்குப் பதில் கெட்டித் தௌஃபூவை (சோயாப் பன்னீர்) உதிர்த்து இதே மாதிரி சிவக்க வறுங்கள். அன்றைக்கு ஓய்ஸ்டர் சாஸ் கூடாது, அது சிப்பியிலிருந்து எடுப்பது. காளானில் செய்தது தனியாக விற்கிறார்கள். முட்டை சேர்க்காத வீடு என்றால் மஞ்சள் மீயை விட்டுவிட்டு மீகூன் போடுங்கள்.

மகள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். அம்மா களைத்து வந்து செய்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த தடவை அவளைப் பக்கத்தில் நிறுத்தி, குவாலியின் சத்தம் மாறும்போது சொல்லச் சொல்லுங்கள்.