நனைந்த கார் சார்ஜரை வீட்டில் எதுவரை திருத்தலாம்?

தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “எங்களிடம் ஜப்பானிலிருந்து வந்த பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் இருக்கிறது. அதனுடன் வந்த கையடக்கச் சார்ஜர் இரவு முழுவதும் கராஜ் தரையில் கிடந்து மழைநீரில் நனைந்துவிட்டது. காலையில் பிளக்கைச் செருகியதும் சிவப்பு விளக்கு மின்னி, ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைக்கலாம் என்கிறார் அண்ணன். எர்த் வயரைக் கழற்றிவிட்டால் விழாது என்கிறார் வயரிங் வேலை செய்பவர். வீட்டிலேயே திறந்து திருத்த முடியுமா?”

கழுவுவது, காயவைப்பது, மீற்றர் வைத்துப் பார்ப்பது ஆகியவற்றை நீங்களே செய்யலாம். பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையில் ஈயம் வைத்துத் திருத்தும் வேலை மட்டும் வேண்டாம். வீட்டு ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கி பற்றரிக்கு ஏற்றும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. கேபிளின் நடுவில் உள்ள பெட்டி காவலாளி வேலைதான் பார்க்கிறது. எத்தனை அம்பியர் எடுக்கலாம் என்று காருக்கு அறிவிப்பதும், மின்கசிவு ஏற்பட்டால் ரிலே எனும் தானியங்கிச் சுவிட்சைத் திறந்து மின்சாரத்தைத் துண்டிப்பதும் அதன் பொறுப்பு. ஆகவே திருத்திய பெட்டியால் கார் சார்ஜ் ஆகிறது என்பதை வைத்து அது சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. துண்டிக்க வேண்டிய கணத்தில் அது துண்டிக்குமா என்பதை வீட்டு மேசையில் முழுமையாகச் சோதிக்க இயலாது.

எர்த் வயரைப் பற்றிய யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். அதைக் கழற்றினால் கசிவு அப்படியே இருக்கும், அது நிலத்துக்குப் போகும் வழி மட்டும் இல்லாமல் போகும். அதன் பின் ஈரத் தரையில் நின்றுகொண்டு காரின் கதவைத் தொடுகிறவரின் உடலே அந்த வழியாகிவிடும். பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கி, சிவப்பு விளக்கை அணைத்துக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்த வீட்டில் நியூட்ரல் கம்பி எங்காவது அறுந்தால், காரின் உடல் முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும்.

சார்ஜர்தான் குற்றவாளியா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். ட்ரிப் சுவிட்சை அணைத்த பிறகே பிளக்கைப் பிடுங்க வேண்டும். பின்னர் சுவிட்சை மேலே போட்டு, சார்ஜர் இல்லாமலேயே அது விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் நனைந்திருப்பது சுவர்ச் சொக்கெட்டாகவோ வயரிங்காகவோ இருக்கலாம். அதை மின்னியலாளரிடம் விட வேண்டும். பழைய லயன் வீடுகளில் எர்த் கம்பி துருப்பிடித்தோ, அறவே இல்லாமலோ இருப்பதுண்டு. எர்த் கிடைக்காவிட்டால் ஒரு சொட்டு நீரும் படாத சார்ஜர்கள் பலவும் சிவப்பு விளக்கைக் காட்டும்.

சார்ஜரில்தான் பழுது என்றால், “இப்போது சரியாகிவிட்டதா” என்று இடையிடையே செருகிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். நீர் மட்டும் பட்ட பலகை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். நீரோடு மின்சாரமும் சேர்ந்தால் செப்புத் தடங்கள் அரிக்கத் தொடங்கி, சிறிது நேரத்திலேயே மீட்க முடியாத நிலை வந்துவிடும்.

சுத்தமான மழைநீர் என்றால் கழுவ வேண்டியதில்லை. சேற்று நீர் புகுந்திருந்தால் வெறுமனே காயவைப்பது போதாது, ஏனெனில் நீர் போன பின்னும் அதிலிருந்த உப்பும் மண்ணும் தங்கிவிடும். பெட்டி திருகாணிகளால் மூடப்பட்டிருந்தால், பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரமாவது கழித்துத் திறக்கலாம். உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக் கூடும் என்பதால், அதன் இரு முனைகளையும் மீற்றரால் அளந்து பார்க்காமல் பலகையில் கை வைக்க வேண்டாம். எரிபொருள் நிலையத்தில் பற்றரிக்கு ஊற்ற விற்கும் தூய நீரால் (அமிலம் அல்ல, நீர்) மென்மையான தூரிகை கொண்டு கழுவி, பிறகு ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைக்கலாம். ரிலேயின் கால்களைச் சுற்றிப் பச்சைப் பொடியோ கருகிய தடமோ தெரிந்தால், அந்தப் பெட்டியின் ஆயுள் முடிந்துவிட்டது. பசையால் ஒட்டப்பட்ட பெட்டிகளையும், உள்ளே பிசின் ஊற்றி நிரப்பியவற்றையும் உடைத்துத் திறப்பதில் பயனில்லை.

காயவைப்பதுதான் மலைநாட்டில் பெரிய சிக்கல். தென்மேற்குப் பருவ மழைக் காலத்தில் பனிமூட்டம் இறங்கிய காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால், திறந்து வைத்த பொருளும் நாட்கணக்கில் காய்வதில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் இப்படிப்பட்ட நாட்களில் கொழுந்தை வாட்டுவதற்குச் சூடான காற்றை விசிறியால் ஊதுகிறார்களே, இதற்கும் அதுதான் தேவை: மிதமான வெப்பமும் ஓடும் காற்றும். மேசை விசிறியின் முன் இரண்டு மூன்று நாட்கள் வைத்து, இடையிடையே தலைமயிர் உலர்த்தியின் மிதமான சூட்டைக் காட்டுங்கள். கடைசியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் மூடிய டப்பாவில் ஒரு நாள் வைக்கலாம். விறகு அடுப்புக்கு மேலே வேண்டவே வேண்டாம். அங்கே படியும் புகைக்கரி மின்சாரத்தைக் கடத்தும். வெப்பமும் நம் கட்டுப்பாட்டில் இராது. அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் தூசுதான் மிஞ்சும். காரில் செருகும் துப்பாக்கி முனையை வாய் கீழ்நோக்கியிருக்கத் தொங்கவிடுங்கள், அதன் குழிகளில் தேங்கிய நீர் தானாக வடியும்.

காய்ந்த பின், மின்சாரம் இல்லாத நிலையில் மூன்று அளவீடுகள் எடுங்கள். பிளக்கின் எர்த் காலிலிருந்து துப்பாக்கியின் எர்த் குழிவரை ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். பிளக்கின் லைவ் காலுக்கும் துப்பாக்கியின் இரு பெரிய மின்குழிகளுக்கும் இடையே தொடர்பு இருக்கக் கூடாது, நியூட்ரல் காலுக்கும் அப்படியே. நேரடித் தொடர்பு காட்டினால் ரிலே உருகி ஒட்டிக்கொண்டது என்று பொருள், பெட்டியைக் கழித்துவிடலாம். மூன்றாவது அளவீடு லீஃப் போன்ற டைப் 1 துப்பாக்கிக்கு உரியது. அதன் இரண்டு சிறு குழிகளில், கார் துப்பாக்கியை உணர்வதற்கான ஒன்று உண்டு. அதற்கும் எர்த்துக்கும் இடையே சாதாரணமாக ஏறத்தாழ 150 ஓமும், பொத்தானை அழுத்தும்போது 480 ஓமும் வர வேண்டும். இந்த எண்கள் அலைபாய்ந்தால் துப்பாக்கிக்குள் ஈரம் இன்னும் இருக்கிறது. மேலும் ஒரு நாள் காயவிடுங்கள். கைமீற்றர் சில வோல்ட்டிலேயே சோதிப்பதால், அடுத்த படிக்கு முன் மின்னியலாளரைக் கொண்டு 500 வோல்ட் மெகரில் (காப்பைச் சோதிக்கும் கருவி) லைவ், நியூட்ரல் ஆகிய இரண்டுக்கும் எர்த்துக்கும் இடையிலான காப்பைப் பார்ப்பது நல்லது. ஒரு மெகாஓமுக்குக் குறைந்தால் பெட்டி தேறாது.

அனைத்தும் சரியென்றால், 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தி அது விழுகிறதா என்று பார்த்துவிட்டு, காரை இணைக்காமல் சார்ஜரை மட்டும் செருகுங்கள். விளக்கு வழக்கமான நிறத்தில் நின்றால் காரை இணைத்து, முதல் ஒரு மணி நேரம் பக்கத்தில் இருந்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு ஏறினாலோ, மறுபடி ஒரு முறை ட்ரிப் விழுந்தாலோ அத்துடன் நிறுத்திவிட வேண்டும். ஜப்பானிய லீஃபுடன் வரும் கேபிள் 15 அம்பியர் வரை எடுக்கக் கூடியது. அதில் யாரேனும் 13 அம்பியர் சதுரக்கால் பிளக்கை மாட்டியிருந்தால், சூட்டுக்குக் காரணம் மழையாக இராது. அதற்குத் தனி வயர் இழுத்து, 16 அம்பியர் நீல நிறத் தொழிற்சாலைப் பிளக்கும் சொக்கெட்டும் போடச் சொல்லுங்கள்.

பெட்டியைக் கழிக்க நேர்ந்தால், அதன் கேபிளை வெட்டி எக்ஸ்டென்ஷன் வயராக்க வேண்டாம். உறைக்குள் புகுந்த நீர் செப்பு இழைகளின் இடையே வெகுதூரம் ஊர்ந்திருக்கும்.