பூ வடிவ கிரானி ஸ்கொயரில் (நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாகக் குரோஷே ஊசியால் பின்னும் சதுரத்தில்), பூவைச் சதுரமாக்கும் சுற்றில் மட்டும் பின்னல் ஏன் கிண்ணம்போல் குழிந்துவிடுகிறது?

பூ முடியும்வரை பின்னல் தட்டையாக இருந்து, அதைச் சதுரமாக்கத் தொடங்கிய பிறகுதான் ஓரங்கள் மேலெழுகின்றன என்று நீங்கள் குறிப்பிட்டிருப்பதால், நான் முதலில் சந்தேகிப்பது அந்தச் சுற்றின் தையல் எண்ணிக்கையைத்தான்.

வட்டமாகப் பின்னும் எந்தப் பின்னலும் தட்டையாகக் கிடக்க வேண்டுமானால், ஒரு சுற்றின் உயரம் எவ்வளவோ அதைப்போல் ஏறத்தாழ 6.28 மடங்கு சுற்றளவு ஒவ்வொரு முறையும் கூட வேண்டும். பூ சிறியதா பெரியதா என்பதைப் பொறுத்து இது மாறுவதில்லை. டபுள் குரோஷே தையல் தன் அகலத்தைப்போல் சுமார் இரு மடங்கு உயரம் கொண்டது என்பதால், அந்தக் கூடுதல், ஒரு சுற்றுக்கு 12 தையல் என்ற கணக்கில் வந்து நிற்கிறது. (நான் சொல்வது அமெரிக்க வழக்கிலுள்ள டபுள் குரோஷே, அதாவது ஊசியில் நூலை ஒருமுறை சுற்றி எடுக்கும் தையல்; பிரித்தானிய வழக்கில் எழுதப்பட்ட குறிப்புகளில் இதே தையல் ட்ரெபிள் என்று வரும்.)

இதைப் பன்னிரண்டு இதழ்ப் பூவில் பொருத்திப் பாருங்கள். மேஜிக் ரிங்கில், அதாவது இழுத்து இறுக்கக்கூடிய நூல் வளையத்தில், 3 செயின் (சங்கிலித் தையல்) போட்டு, அதை ஒரு தையலாகக் கொண்டு, மேலும் 11 டபுள் குரோஷே போட்டால் 12 ஆகிறது. இரண்டாம் சுற்றில் நிறத்தை மாற்றி, தையல்களுக்கு நடுவிலுள்ள ஒவ்வொரு இடைவெளியிலும் இரண்டு டபுள் குரோஷேக்களை ஒன்றாக முடித்த ஒரு கொத்தும், அதையடுத்து ஒரு செயினும் போட வேண்டும். கொத்தின் தலை ஒன்று, செயின் ஒன்று என எண்ணினால் 24. மூன்றாம் சுற்றில்தான் இதழ்கள் முழு உருவம் பெறுகின்றன. ஊசியில் நூலைச் சுற்றி, இடைவெளிக்குள் விட்டு இழுத்து, மீண்டும் நூலைச் சுற்றி இரண்டு கண்ணிகளின் வழியாக மட்டும் எடுத்து, கடைசிக் கண்ணியை ஊசியிலேயே நிறுத்திவிட வேண்டும்; இவ்வாறு மூன்று முறை செய்ததும் ஊசியில் நான்கு கண்ணிகள் நிற்கும், அவற்றை ஒரே இழுப்பில் சேர்த்து முடித்தால் இதழ் உப்பி எழும். ஒவ்வொரு இதழுக்குப் பின்னும் 2 செயின். இதைக் கஞ்சத்தனமாக ஒரு செயினோடு நிறுத்தினால் இதழ்கள் நெருக்குண்டு, குழிவு அங்கேயே தொடங்கிவிடும். ஒழுங்காகப் போட்டிருந்தால் இப்போது கணக்கு 36.

அடுத்த சுற்றுதான் உங்களைத் தொல்லைப்படுத்துவது. பன்னிரண்டு இடைவெளிகளிலும் மும்மூன்று தையல் போட்டுக்கொண்டே போனால் மறுபடியும் 36 தான் வருகிறது. சுற்றளவு கூடாமல் உயரம் மட்டும் கூடினால் பின்னல் மேல்நோக்கி வளைவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே ஒவ்வொரு மூன்றாவது இடைவெளியையும் மூலையாகக் கொண்டு, அதில் 3 தையல், 2 செயின், மீண்டும் 3 தையல் என இரண்டு தொகுதிகளையும், மற்ற எட்டு இடைவெளிகளில் ஒவ்வொரு தொகுதியையும் போட வேண்டும். மூலைச் செயின்களை எண்ணாமல், மூலைகளில் 24, பக்கங்களில் 24, ஆக 48. அதற்கடுத்த சுற்றிலிருந்து வழக்கமான கிரானி முறையே, அதாவது ஒவ்வொரு மூலையிலும் இரண்டு தொகுதி, மற்ற ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு தொகுதி என்பதே, போதும். தானாகவே 60, 72 என்று ஏறும்.

எண்ணிக்கையோடு உயரத்தையும் கவனிக்க வேண்டும். சதுரத்தின் மூலை, நடுப்புள்ளியிலிருந்து பக்கத்தின் மையத்தைவிட 1.41 மடங்கு தொலைவில் இருக்கிறது. எனவே எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் போட்டால், மூலைகள் மழுங்கி, பக்கங்கள் வெளியே பிதுங்கிய ஓர் உருண்டைச் சதுரம்தான் கிடைக்கும். மூலைத் தொகுதிகளுக்கு அமெரிக்க வழக்கிலுள்ள ட்ரெபிள், அதாவது முன்கூட்டியே நூலை இரண்டு முறை சுற்றி எடுக்கும் உயரமான தையல், பக்கங்களுக்கு டபுள் குரோஷேயைவிடக் குட்டையான ஹாஃப் டபுள் குரோஷே என்று பிரித்துக்கொள்வது என் வழக்கம். எல்லாவற்றையும் டபுள் குரோஷேயாகப் போட்டுவிட்டுப் பின்னர் இழுத்துச் சரிசெய்பவர்களும் உண்டு; எனக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை.

எட்டு இதழ்ப் பூவும் நான்கால் வகுபடுவதால் சதுரமாகும். ஆறு இதழ்ப் பூவை மட்டும் சதுரத்துக்குள் கொண்டுவர முயல வேண்டாம், அது அறுகோணத்துக்கே உரியது.

48 சரியாக இருந்தும் இலேசான குழிவு தெரிந்தால், செயின்களை இறுக்கிப் போடுகிறீர்கள் என்று பொருள். 4 மி.மீ. ஊசியில் பூவைப் பின்னியிருந்தால், ஓரச் சுற்றுகளை 4.5 மி.மீ. ஊசியில் பின்னிப் பாருங்கள். அதற்கு மாறாக ஓரம் அலையலையாக மடிந்தால் தையல் மிகுந்துவிட்டது; பெரும்பாலும் ஏதோ ஒரு பக்க இடைவெளியில் மூலையைப் போட்டிருப்பீர்கள்.

கடைசியாக, சதுரத்தை ஈரமாக்கி, நான்கு மூலைகளிலும் குண்டூசி குத்தி, உலரும்வரை விட்டுவிடுங்கள். பருத்தி நூலும் கம்பளி நூலும் இதற்கு நன்றாகப் படியும். அக்ரிலிக் நூலானால் இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைக்கவே வேண்டாம். சற்று உயரத்தில் பிடித்து நீராவியைக் காட்டினால் போதும்.